ஓம்புயிரியின் இரும்பு

கயல்-3 சுற்றுப்பாதை ஆய்வுக்கூடம். கைப்பிரதிக் குறிப்பேடு.
எழுதுபவர்: இசக்கியம்மாள், நுண்ணுயிரியல். நிலையத்தில் இருப்போர்: ஒருவர்.

நாள் 203

06:30. காற்றழுத்தம் சரி. வெப்பம் 22. கரியமில வாயு வடிகட்டி மாற்றினேன். ஒன்று மூன்று நாள் ஓடும். கையிருப்பு 17. நாள் 250இல் கலம் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகும்வரை தாராளமாகப் போதும்.

இந்தக் குறிப்பேட்டைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். கணினிக் குறிப்பு தினமும் கீழே தரைநிலையத்துக்குப் போகிறது. கணினி கெட்டால் உதவட்டும் என்று காகிதத்திலும் எழுதச் சொல்கிறது விதி. இதைத் தரையில் யாரும் படிப்பதில்லை. அதனால் இதில் கொஞ்சம் மனம்விட்டு எழுதுகிறேன்.

08:10. கே-9, முப்பத்தோராம் தொகுதி. மலைக்காட்டு உண்ணி ஒன்று பரப்பும் பாக்டீரியா இது. உண்ணி கடித்தால் ரத்தத்தில் இறங்கி வெள்ளையணுவுக்குள் குடியேறிவிடும். சொந்தமாக எதையும் ஆக்கித் தின்னத் தெரியாத சோம்பேறி. அமினோ அமிலம், கொழுப்பு, இரும்பு எல்லாமே இடம் கொடுத்த ஓம்புயிரியிடமிருந்துதான் வர வேண்டும். அதில் இரும்பை எப்படி வாங்குகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. பூமியில் இதை வளர்க்கத் தடை இருப்பதால் இங்கே வந்து வளர்க்கிறேன். வளர்க்கிறேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முப்பது தொகுதிகள் செத்துவிட்டன.

10:00. சோதனை. நோயில்லாத ரத்தம் ஒன்றை ஒப்பீட்டுக்கு வைப்போம். அதில் கருவி காட்டும் எண்ணைக் கழித்துவிட்டுத்தான், வெள்ளையணுவோடு கே-9 வளர்க்கும் தட்டின் எண்ணைப் படிப்போம். கழித்தலைக் கணினியே செய்துவிடும். இங்கே வேறு மனிதர் இல்லாததால் ஒப்பீட்டு ரத்தம் என்னுடையது.

20:00. இரும்பு மாத்திரை ஒன்று. சாப்பாடு, பொட்டலத்தில் வந்த சாம்பார் சாதம். சாம்பார் என்று பொட்டலம் சொல்கிறது, நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நாள் 207

10:20. முடிவு இந்த முறையும் மைனஸில் வந்தது. பாக்டீரியா எண்ணிக்கை எப்படி மைனஸில் போகும்? கருவியின் குழாய்களைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். மறுபடி மைனஸ். இந்தக் கருவியை வாங்கிய புண்ணியவான் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

15:00. தரையிலிருந்து சங்கரவடிவு. என் திட்ட ஒருங்கிணைப்பாளர். பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை, ஒரே சோப்பு டப்பா. இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

"ஏட்டி இசக்கி, மைனஸா வருதுன்னு மெஷினப் போட்டு நோண்டாத. சைபர்னு எழுதிட்டுப் போ. ரத்தம் எடுத்து வச்சியா? அடுத்த சரக்குக் கலத்துல மறக்காம அனுப்பிரு. உடம்பப் பாத்துக்கோட்டி. மாத்திரையப் போடாம ஏமாத்தாத."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளில்லாச் சரக்குக் கலம் வந்து என் ரத்தக் குப்பிகளை எடுத்துப் போகும், உடல்நலப் பரிசோதனைக்கு. என் ரத்தத்தையே ஒப்பீட்டுக்கு வைக்கலாம் என்று யோசனை சொன்னதும் இவள்தான். வெளி ரத்தம் கொண்டுபோனால் உறைபெட்டியில் இடம் அடைக்கும் என்றாள். நல்ல யோசனை என்று அப்போது பாராட்டினேன்.

நாள் 214

07:00. காய்ச்சல் 38.4. இந்த மாதத்தில் மூன்றாவது முறை. மூட்டு வலி. படியே இல்லாத நிலையத்தில் படி ஏறியதுபோல மூச்சு வாங்குகிறது. இரும்பு மாத்திரையை இரண்டாக்கச் சொன்னது தரை.

11:30. நல்ல செய்தி! முப்பத்தோராம் தொகுதி சாவதற்குள் ஒரு காரியத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கே-9 இரும்பைத் திருடுவதில்லை. ஒரு புரதத்தை வெள்ளையணுவுக்குள் அனுப்புகிறது. அந்தப் புரதம் அணுவின் இரும்புச் சேமிப்பைப் பிடித்து, "இது பழசு, கழித்துவிடு" என்று அணுவையே நம்பவைக்கிறது. அணு தன் குப்பையைச் செரிக்கும் அறைக்கு அதைத் தானே கொண்டுபோய்க் கொட்டுகிறது. போகிக்கு வீட்டைக் கழிக்கிறோம் என்று வீட்டுக்காரி நல்ல பாத்திரத்தையும் வாசலில் வைப்பதுபோல. அங்கே கொட்டிய இரும்பை விருந்தாளி பொறுக்கிக்கொள்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். நோய் பிடித்த வெள்ளையணு வழக்கமாகத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். கே-9 அதைச் சாகவிடாமல் தடுத்து வைக்கிறது. அக்கறை எல்லாம் இல்லை, குடியிருக்க வீடு வேண்டுமே. காய்ச்சலோடு ஒரு ஆட்டம் போட்டேன். மிதந்துகொண்டே ஆடுவது பார்க்கச் சகிக்காது, பார்க்க யாரும் இல்லை.

நாள் 219

09:05. சூரியப் புயல். கணினி அணைந்து மறுபடி எழுந்தது. வாரச் சோதனையை ஓட்டினேன். கழித்தல் நிரல் இன்னும் எழவில்லை. அதனால் கருவி கழிக்காத எண்களை அப்படியே அச்சிட்டது.

முப்பத்திரண்டாம் தொகுதி: 40.
ஒப்பீடு: 61,200.

09:40. குப்பி மாறிவிட்டது என்று நினைத்தேன். புதிதாக விரலைக் குத்தி எடுத்தேன். 60,900.

10:30. என் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்தேன். ஏழு மாதமாக நான் தட்டில் தேடிய அத்தனையும் அதில் இருந்தது. வெள்ளையணுவுக்குள் பை, பைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கே-9. கொழுகொழுவென்று இருந்தன.

ஒவ்வொரு வாரமும் கணினி என் நோயை எடுத்துக் கழித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் காட்டியிருக்கிறது. மைனஸ் சரியான விடைதான். கருவியைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன், சத்தமாகவே.

14:00. எப்படித் தொற்றியது? கையுறை கிழிந்ததில்லை. ஊசி குத்திக்கொண்டதில்லை. பழைய கணினிக் கோப்பில் நாள் 9இன் கழிக்காத எண்ணைத் தேடி எடுத்தேன். 310. நாள் 9வரை நான் கே-9 பெட்டியைத் திறக்கவே இல்லை. இங்கே தொற்றவில்லை. வரும்போதே கொண்டுவந்திருக்கிறேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பி-12 ஊசி ஒன்று போட்டார்கள். போட்டது செவிலியர் இல்லை. "நான் போடுதேன், எனக்குத்தான் இவ கை நரம்பு தெரியும்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டவள் சங்கரவடிவு.

இல்லை. அவசரப்படக் கூடாது. அவளுக்கும் தெரியாமல் இருக்கலாம்.

நாள் 220

08:00. தரைக்குச் செய்தி: ஒப்பீட்டு ரத்தத்தில் கே-9. விளக்கம் வேண்டும்.

08:50. திட்ட இயக்குநர் கனகசபாபதியின் பதில்:

"டாக்டர் இசக்கியம்மாள், பதற வேண்டாம். உங்கள் உடல்நிலை ஆரம்பத்திலிருந்தே எங்கள் கவனத்தில் இருக்கிறது. சிகிச்சை எதுவும் தொடங்க வேண்டாம். இரும்பு மாத்திரையை மூன்றாக்குங்கள்."

ஆரம்பத்திலிருந்தே. மனிதர் வாய் தவறிச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா?

09:15. மருந்துப் பெட்டி. இந்த வகை நோய்க்கு டாக்சிசைக்ளின் போதும், இரண்டு வாரத்தில் ஆள் எழுந்துவிடலாம். பட்டியலில் இருபத்தெட்டு மாத்திரை என்று இருக்கிறது. அந்த அறையைத் திறந்தால் உள்ளே இரும்பு மாத்திரை. அதற்குப் பக்கத்து அறையிலும் இரும்பு மாத்திரை. எண்ணினால் ஒரு வருஷத்துக்கு வரும்.

எனக்கு ரத்தசோகை என்று நினைத்து விழுங்கினேனே, ஏழு மாதம்! அதற்குத் தீனி போட்டிருக்கிறேன். தண்ணீர் குடித்துத் தொண்டைக்குள் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

நாள் 222

16:10. சங்கரவடிவு. வழக்கமான அலைவரிசையில் இல்லை, தனி அலைவரிசையில். முழுதும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஏட்டி, அவிய யாரும் இதக் கேக்க மாட்டாவ. நீ நெனச்சது நெசந்தான். ஊசில பி-12 இல்ல. தட்டுல அது வாழல, உறைபெட்டில வச்சத எடுத்தாலும் நெலைக்கல. உசுரோட இருக்க ஆளுக்குள்ளதான் வளருதுன்னு மொத நோயாளி செத்தப்பவே தெரிஞ்சு போச்சு. அவரு ரத்தத்துல ஒரு குப்பிதான் மிச்சம் இருந்துச்சு. அந்தப் புரதம் நெறைய வேணும்ட்டி. தலசீமியா பிள்ளையளுக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்தி ஏத்தி, இரும்பு சேந்தே சாவுதுவ. இந்தப் புரதத்த வச்சி அந்த இரும்ப வெளிய எடுத்திரலாம்.

"ஊசி போட வேண்டிய ஆளுக லிஸ்ட்ல மொதப் பேரு என்னுது. எனக்குப் பயமா இருந்துச்சு. எனக்கு வீடு, வாசல், ஆளுக இருக்கு. நீ ஒத்த ஆளு, ஒன்னத் தேடுததுக்கு யாரும் இல்லன்னு நாந்தான் சொன்னேன். எரநூத்தம்பதாம் நாள் கலம் வரும். வந்ததும் மருந்து குடுத்திருவோம். எங்கம்மா மேல சத்தியம்ட்டி. நீ ஒண்ணும் செஞ்சிராத, இசக்கி. பேசாம இரு."

16:40. அடிப்பாவி. கேட்டிருந்தால் வந்திருப்பேனே. அதுதான் நெஞ்சை அறுக்கிறது. "ஏட்டி, ஆபத்துதான், பிள்ளைகளுக்காக வருவியா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் திட்டிக்கொண்டே வந்திருப்பேன். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் நான் அவள் முகத்தைப் பார்த்து, "நீ ஏன் போகவில்லை" என்று கேட்டுவிடுவேன் என்ற பயம்.

தேட ஆள் இல்லையாம். இருக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பப் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு இவள் பெயரையும் எண்ணையும்தான் எழுதினேன். இருபத்தெட்டு வருஷம் பழகி, நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாள்.

நாள் 223

07:30. காய்ச்சல் 39.1. ஈறில் ரத்தம். பேசாமல் இருந்தால் 250வரை தாங்குவேனா தெரியாது. முதல் நோயாளி எத்தனை நாள் தாங்கினார் என்று எந்த அறிக்கையிலும் இல்லை.

09:00. கண்டுபிடித்துவிட்டேன். மருந்துப் பட்டியலைத் திருத்தியவர்கள் வேதிப்பொருள் பட்டியலைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு தட்டை மருந்து போட்டுக் கொன்று, "செத்தது இப்படித்தான் இருக்கும்" என்று ஒப்பிடுவதற்கு வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கொலைத் தட்டுக்கு வந்த டாக்சிசைக்ளின் தூள், குளிர்பெட்டியின் அடித்தட்டில் பழுப்புக் குப்பியில் ஐந்து கிராம் இருக்கிறது. "மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. ஊசியில் எதைப் போட்டு ஏற்றினார்களோ அதன் மேலும் அப்படி எழுதியிருந்திருக்க வேண்டும்.

09:20. நூறு மில்லிகிராம் நிறுத்து, தண்ணீரில் கலக்கி விழுங்கினேன். வேப்பங்காய்க் கசப்பு. மகிழ்ச்சியாகக் குடித்தேன்.

வாரச் சோதனையின் எண் நேரே தரைக்குப் போகும். அதற்குப் பழைய ரத்தத்தை வைக்கப்போகிறேன். சரக்குக் கலத்துக்காக எடுத்து வைத்தது, குளிர்பெட்டியில் எட்டுக் குப்பி இருக்கிறது. இரண்டு வாரம் இவர்களை ஏமாற்ற முடியும்.

நாள் 228

07:00. 37.2. பசிக்கிறது! இரண்டு பொட்டலம் சாம்பார் சாதம். அருமையான சாம்பார், முன்பு சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

15:00. சங்கரவடிவு, வழக்கமான அலைவரிசையில்: "எப்படி இருக்கட்டி? எண்ணு நல்லா நிக்கி. இயக்குநருக்கு ரொம்பச் சந்தோஷம்." அவள் குரல் கரகரத்தது. அழுதிருப்பாள். அழட்டும்.

"நன்றாக இருக்கிறேன்" என்று மட்டும் அனுப்பினேன். உண்மைதான்.

நாள் 237

09:30. இன்றைய ரத்தம், கழிக்காத எண்: 0. மூன்று முறை ஓட்டினேன். 0, 0, 0. நுண்ணோக்கியில் நானூறு வெள்ளையணு பார்த்தேன். எல்லாம் காலி வீடு.

10:10. மிச்சமிருந்த பழைய ரத்தக் குப்பிகள் அத்தனையையும் வெளுப்பானில் கொட்டினேன். கொட்டக் கொட்ட எனக்குச் சிரிப்பு வந்தது. இரும்பு மாத்திரைகளைக் குப்பை அறைக்குள் தள்ளி வெளியே விட்டேன். ஜன்னல் வழியே அவை மின்னிக்கொண்டு போனதைப் பார்த்து டாட்டா காட்டினேன்.

11:15. தரைக்கு அனுப்பிய அறிக்கை, முழுதும்:

"இயக்குநர் கனகசபாபதிக்கும் ஒருங்கிணைப்பாளர் சங்கரவடிவுக்கும். ஓம்புயிரி பதினான்கு நாள் டாக்சிசைக்ளின் எடுத்துக்கொண்டது. கே-9 எண்ணிக்கை பூஜ்யம். அட்டவணை இணைப்பில். தட்டிலும் பெட்டியிலும் இருந்தவை முன்பே செத்துவிட்டன. உலகத்தில் இருந்த கடைசி கே-9 என் உடம்பில் செத்தது. உங்கள் பயிர் கருகிவிட்டது, வேறு வயல் பாருங்கள். நான் ஊருக்கு வந்து எல்லாவற்றையும் ஆதாரத்தோடு சொல்வேன். ஊசி போட்ட கைக்கு என் விசாரிப்பைச் சொல்லவும். இசக்கியம்மாள்."

எழுதி முடித்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எத்தனை நாளாயிற்று இப்படி இருந்து! அட்டவணையில் ஒரு தசமப் புள்ளி தவறாக இருந்தது. திருத்தி மறுபடி அனுப்பினேன்.

17:00. பதில் இல்லை. வாயடைத்துப்போயிருப்பார்கள்.

நாள் 239

08:00. வடிகட்டி மாற்றினேன். கையிருப்பு 5.

12:30. இயக்குநர்: "தொழில்நுட்பக் காரணங்களால் நாள் 250 பயணம் ஒத்திவைக்கப்படுகிறது. புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும்."

12:40. என்ன காரணம்? எத்தனை நாள்? வடிகட்டிக் கணக்கு அவர்களுக்கும் தெரியும். ஆறு செய்தி அனுப்பினேன்.

18:00. ஒன்றுக்கும் பதில் இல்லை.

நாள் 241

16:05. சங்கரவடிவு. தனி அலைவரிசை. இரைச்சல் அதிகம். கேட்டதை எழுதுகிறேன்.

"ஏட்டி, நீ ஏன் சொன்ன? ஏன்ட்டி சொன்ன? சொல்லாம இருந்திருந்தா கலம் வந்திருக்கும்லா. ஏறி உக்காந்து, கீழ எறங்கி, பெறவு சொல்லியிருக்கலாம்லா. அது ஒன்னக் கூப்பிட வந்த கலம் இல்லட்டி, ஒன் ரத்தத்துல இருந்ததக் கூப்பிட வந்த கலம். பதினாலு நாளு மறச்சவளுக்கு இன்னும் பதிமூணு நாளு மறைக்கத் தெரியலயா? எரிபொருளயே எறக்கிட்டாவ. நான் கால்ல விழுந்து கேட்டேன். கேட்டேன்ட்டி. நீ வெளிய சொல்லுவேன்னு வேற எழுதிட்டியே..."

இதற்குப் பின் இரைச்சல் மட்டும்.

16:30. பதிமூன்று நாள்.

அந்தப் பதினான்கு நாள் தவிர, என் வாழ்நாளில் ஒரு சோதனை முடிவையும் மறைத்ததில்லை. வந்த எண்ணை வந்த அன்றே எழுதிவிட வேண்டும் என்று எத்தனை மாணவர்களிடம் கத்தியிருப்பேன். அந்தப் பழக்கமும் என் வாய்க்கொழுப்பும் சேர்ந்து என்னைக் கொன்றுவிட்டன. தசமப் புள்ளியைத் திருத்தி அனுப்பினேனே! அந்தச் சிறுக்கி சொல்வது சரி. அவள் செய்தது எல்லாம் தப்பு, இது ஒன்று மட்டும் சரி. அதுதான் தாங்க முடியவில்லை.

நாள் 243

10:00. பொய் சொல்லிப் பார்த்தேன். "நோய் திரும்பிவிட்டது, காய்ச்சல் 39, உடனே வாருங்கள்." வெட்கத்தை விட்டு "இரும்பு மாத்திரை தொடர்கிறேன்" என்றும் சேர்த்தேன்.

10:25. இயக்குநர்: "மகிழ்ச்சி. இப்போதே ரத்தத்தைக் கருவியில் வையுங்கள்."

எத்தனை விரைவான பதில். இருபத்தைந்து நிமிடம். மகிழ்ச்சி என்ற சொல்லை எத்தனை முறை படித்தேன் தெரியாது. வைக்கப் பழைய ரத்தம் ஒரு சொட்டு இல்லை. குப்பிகளின் அடியில் சுரண்டிப் பார்த்தேன், வெளுப்பான் எதையும் மிச்சம் வைக்கவில்லை. விரலைக் குத்தினேன். 0.

10:50. தொடர்பு துண்டிக்கப்பட்டது. கருவிக் கோளாறு இல்லை. தரை தன் பக்கம் அணைத்துவிட்டது.

நாள் 250

கலம் வரவேண்டிய நாள். இணைப்புக் கதவருகே போய் உட்கார்ந்தேன். வராது என்று தெரியும். மதியம்வரை இருந்தேன், பின்பு சாப்பிட வந்துவிட்டேன்.

கே-9 காலி செய்த வெள்ளையணுவை நுண்ணோக்கியில் பார்த்தேன். கே-9 செத்ததும், அதுவரை நிறுத்தி வைத்திருந்த சாவு அணுவுக்கு வந்துவிடுகிறது. அதைத் தடுக்க உள்ளே யாரும் இல்லை. நல்ல முடிவு இது, வெளியிடலாம். பின்னிணைப்பில் படம் வரைந்திருக்கிறேன்.

நாள் 254

கடைசி வடிகட்டி. மாட்டினேன்.

புரதத்தின் அமைப்பை முழுதாக எழுதி முடித்தேன். 140ஆம் பக்கம் முதல் 171வரை. முப்பத்தோராம் தொகுதித் தட்டில் கிடைத்தது போதும். இதை வைத்துப் பாக்டீரியா இல்லாமலே, ஆள் இல்லாமலே, ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம். பிள்ளைகள் பிழைக்கட்டும், அவர்கள் என்ன செய்தார்கள். இவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்தால் நான் தட்டிலேயே கண்டுபிடித்துக் கொடுத்திருப்பேன். அவசரக் குடுக்கைகள்.

நாள் 257

தலை வலி. வடிகட்டி தீர்ந்தது. கரியமில வாயு 4 சதவீதம்.

சங்கரவடிவுக்கு ஒரு கடிதம் எழுதினேன், கிழித்தேன். இன்னொன்று எழுதினேன். அதில் திட்டு மட்டும் இருந்தது. அதையும் கிழித்தேன்.

கோபம் இன்னும் இருக்கிறது. அவள் குரலை ஒருமுறை கேட்டால் போதும் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கும்? இருக்கிறது.

நாள் 258

எழுத்து கோணுகிறது. மன்னிக்கவும்.

கண்டெடுப்பவருக்கு. 140 முதல் 171. அதை முதலில் எடுங்கள். நனையவிடாதீர்கள். இணைப்புக் கதவு இடதுபக்கம் திருகினால்

படுக்கையில் இருக்கிறேன். பட்டை கட்டியிருக்கிறேன், மிதக்காமல் இருக்க.

நோய் என்று பயந்து நிற்காதீர்கள். காலையில் மறுபடி பார்த்தேன். 0. கையுறை இல்லாமலே தொடலாம்.